‘கைண்ட் ஆஃப் ப்ளூ’: முதல் பக்கம் மட்டும் ஏன் சுருதி ஏறி ஒலிக்கிறது? பதிப்பு, பதிவு, வாசிப்பு பற்றிய இழை

#1 கறுப்புக்கட்டை

ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துப் பழகலாம் என்று உட்கார்ந்தால் முதல் பாட்டு ‘சோ வாட்’ கீபோர்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. டி-யிலும் இல்லை, ஈ ஃப்ளாட்டிலும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. கீபோர்டு 440-ல்தான் (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்) இருக்கிறது. மாஸ்டர் ட்யூனை 452 பக்கம் ஏற்றினால் முதல் மூன்று பாட்டும் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் ‘ஆல் ப்ளூஸ்’ தொடங்கியதும் கீபோர்டு மேலே நிற்கிறது, திரும்ப 440-க்கு இறக்க வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது பழைய எல்பியிலிருந்து கணினிக் கோப்பாக எடுத்த ரிப். ரிப் எடுத்த டர்ன்டேபிளில் கோளாறா? எந்தப் பதிப்பை வாங்கினால் இந்தத் தொல்லை இராது?

#2 ஊசிமுனை

டர்ன்டேபிள் மேல் பழி போட வேண்டாம். அது வேகமாக ஓடியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறியிருக்கும். முதல் பக்கம் மட்டும் ஏறியிருப்பதால் கோளாறு தட்டிலேயே இருக்கிறது. சரியாகச் சொன்னால், தட்டுக்கும் முந்திய டேப்பில்.

இந்த ஆல்பம் இரண்டு நாளில் பதிவானது: 1959 மார்ச் 2, ஏப்ரல் 22. மார்ச் 2-ல் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘சோ வாட்’, ‘ப்ளூ இன் கிரீன்’. ஏப்ரல் 22-ல் ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’, ‘ஆல் ப்ளூஸ்’. எல்பியில் முதல் நாள் பாட்டுகள் முதல் பக்கத்திலும், இரண்டாம் நாள் பாட்டுகள் இரண்டாம் பக்கத்திலும் வந்தன. அதனால்தான் பிழையும் பக்கவாரியாகப் பிரிந்து கிடக்கிறது.

நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டுடியோவில் அன்று இரண்டு 3-டிராக் டேப் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று மாஸ்டர், மற்றது காப்புப் பிரதி. மார்ச் 2 அன்று மாஸ்டர் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமும் ஏறும், சுருதியும் ஏறும். ஏற்றம் கிட்டத்தட்ட கால் டோன், அதாவது 50 சென்ட்டை ஒட்டி (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 440-க்குப் பதில் 453 பக்கம் வரும். உங்கள் 452 அதற்கு அடுத்த வீடு. காது நன்றாகவே வேலை செய்கிறது.

இது 1992-ல்தான் பிடிபட்டது. சோனியில் மார்க் வைல்டர் மறுபதிப்புக்காகக் காப்புப் பிரதி டேப்பை எடுத்து ஓட்டியபோது அதில் சுருதி சரியாக இருந்தது. 1959-லிருந்து அதுவரை வந்த எல்பி, கேசட், சிடி எல்லாமே மாஸ்டர் டேப் வழி வந்தவை. அத்தனையிலும் முதல் பக்கம் ஏறித்தான் இருக்கும்.

#3 ஊசிமுனை

பதிப்புக் கேள்விக்குத் தனியாக.

சிடி என்றால் 1997-ல் கொலம்பியா லெகசி போட்ட மறுபதிப்பு, அல்லது அதன் வழி வந்தவை. 3-டிராக் டேப்பிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்தார்கள், வேகம் திருத்தியது, ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ மாற்று டேக்கும் (அதே பாட்டை இன்னொரு முறை வாசித்த பதிவு) உண்டு. கடையில் நின்றே கண்டுபிடிக்கப் பாட்டின் நீளம் போதும். திருத்திய பதிப்பில் ‘ப்ளூ இன் கிரீன்’ 5:37, திருத்தாததில் அது 5:27-ஐ ஒட்டி இருக்கும். ‘சோ வாட்’ 9:22, திருத்தாததில் 9:05 பக்கம். பாட்டின் கடைசியில் ஃபேடை (ஒலி மெல்ல மங்கும் பகுதியை) எங்கே வெட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஓரிரு நொடி முன்பின் போகலாம். 10 நொடிக்கு மேல் குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஐரோப்பாவில் பதிப்புரிமைக் காலம் முடிந்தபின் மலிவு விலையில் பலர் இதை வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் எந்த டேப், எந்தப் பழைய சிடி மூலம் என்று அட்டையில் இருக்காது. வாங்குமுன் நீளத்தைப் பாருங்கள்.

#4 டேப்சுருள்

கூடுதலாக ஒரு வேகச் சோதனை. ‘சோ வாட்’டில் மைல்ஸ் சோலோ தொடங்கும் இடத்தில் ட்ரம்ஸ்காரர் ஜிம்மி காப் ஒரு சிம்பல் அடி அடிப்பார், அறை முழுக்க விரியும். திருத்திய பதிப்பில் அது 1:31-ஐ ஒட்டி விழும். பழைய வேகத்தில் 1:28. கோப்பின் தொடக்கத்தில் வெற்று இடைவெளி இருந்தால் அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ட்யூனரில் பார்க்க விரும்புபவர்கள் பாஸ் மெட்டுக்குப் பதில் சொல்லும் அந்த இரண்டு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்குகளை) பிடியுங்கள். இரண்டாவது கார்டின் உச்சி ஸ்வரம் 440 ஏ. ஸ்டுடியோ பியானோவும் துல்லியமாக 440-ல் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நாலைந்து சென்ட் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். நாற்பது, ஐம்பது சென்ட் காட்டினால் அது பழைய டேப்.

#5 கறுப்புக்கட்டை

தெளிவாகப் புரிந்தது, நன்றி. கையில் இருக்கும் ரிப்பையே திருத்திக்கொள்ள முடியுமா? எல்பி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

#6 ஊசிமுனை

முடியும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் முதல் மூன்று பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, வேகத்தை மாற்றும் எஃபெக்டில் கழித்தல் 2.85 சதவீதம் கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட் பக்கம் போகாதீர்கள். அது சுருதியை இறக்கும், ஆனால் தாளம் அதே அவசரத்தில் ஓடும். போதாததற்கு சிம்பலின் நீண்ட ஒலியில் நீர் ததும்புவது போன்ற ஒரு நடுக்கமும் சேரும். இங்கே சுருதியும் வேகமும் ஒரே காரணத்தால் ஏறியவை, சேர்த்துத்தான் இறக்க வேண்டும்.

2.85 என்பது சரியாகக் கால் டோனுக்கான கணக்கு. அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ரிப் எடுத்த டர்ன்டேபிளுக்கும் சொந்தமாக அரை சதவீதம் பிழை இருக்கலாம். முதலில் இரண்டாம் பக்கத்தை அளந்து அதைச் சரிசெய்யுங்கள், பிறகு முதல் பக்கத்தை அதோடு ஒப்பிட்டு 0.1, 0.1 ஆக நகர்த்துங்கள்.

எல்பி என்றால் பிட்ச் ஸ்லைடர் உள்ள டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் வேண்டும். முதல் பக்கத்துக்குக் கழித்தல் 2.8-ல் நிறுத்துங்கள். 33⅓ சுற்று 32.4-க்கு வரும். தட்டைத் திருப்பியதும் ஸ்லைடரை மறக்காமல் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ‘ஆல் ப்ளூஸ்’ கால் டோன் இறங்கித் தூங்கும். பெல்ட் டிரைவில் ஸ்லைடர் இல்லாதவர்கள் பெல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், திருத்திய பதிப்பே வாங்கிவிடுங்கள்.

#7 மூன்று வால்வு

திருத்தம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பழைய வேகத்தைக் ‘கெட்ட பதிப்பு’ என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது. 33 வருடம் உலகம் முழுக்க ட்ரம்பெட்காரர்கள் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். அந்தக் கூர்மையான, கொஞ்சம் முன்னால் சாய்ந்த ‘சோ வாட்’தான் அவர்கள் காதில் பதிந்த ‘சோ வாட்’. இந்த ஆல்பம் ஏற்படுத்திய தாக்கம் முழுக்க அந்த வேகத்தில் நடந்தது.

#8 ஊசிமுனை

வரலாற்றுச் சான்றாக அது இருக்கட்டும். ஆனால் ஏழு பேர் அறையில் வாசித்தது அது அல்ல. 3 சதவீதம் ஏறினால் வேகம் மட்டும் மாறுவதில்லை, குரலும் மாறுகிறது. கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸஃபோன் சற்றுச் சிறுத்து ஆல்ட்டோ பக்கம் நகர்கிறது. பால் சேம்பர்ஸின் பாஸ் மரத்தின் கனம் குறைகிறது. ‘ப்ளூ இன் கிரீன்’ஐ இரண்டு வேகத்திலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். திருத்தியதில் மைல்ஸின் நீண்ட ஸ்வரங்கள் மூச்சு முடியும் இடம் வரை போய் நிற்பது தெரியும். அந்தப் பாட்டுக்கு அந்தப் பத்து நொடி தேவை.

#9 கரகரப்பிரியன்

வேகக் கணக்கிலிருந்து சற்று விலகி ஸ்வரத்துக்கு வருகிறேன். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இந்த ஆல்பத்தில் நுழைய வசதியான வாசல்கள் உண்டு. ‘சோ வாட்’டின் டி டோரியன் என்பது டி-யை ஷட்ஜமாக வைத்த கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். பாஸ் வாசிக்கும் முதல் வரி டி, ஏ, பி, சி, டி, ஈ, சி, டி. நம் வழக்கில் ச ப த நி ச ரி நி ச. சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். பாடிப் பார்த்தால் உடனே நாக்கில் உட்காரும்.

நடுவில் 8 பார் (இந்தப் பாட்டில் ஒரு பார் நான்கு அடி) ஈ ஃப்ளாட் டோரியனுக்குப் போகிறது. இதைக் கிரக பேதம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. கிரக பேதத்தில் ஸ்வர ஸ்தானங்கள் அப்படியே இருக்கும், ஆதார ஷட்ஜம் மட்டும் இடம் மாறும். இங்கே கரகரப்பிரியா முழுசாக அரை ஸ்வரம் மேலே தூக்கி வைக்கப்படுகிறது. தம்பூராவையே அரைக்கட்டை ஏற்றினால் எப்படியோ அப்படி. டி டோரியனுக்கும் ஈ ஃப்ளாட் டோரியனுக்கும் பொதுவான ஸ்வரங்கள் சி, எஃப் இரண்டே இரண்டு. மீதி ஐந்தும் மாறுகின்றன. அந்த 8 பாரில் திடீரென்று விளக்கு மாற்றியது போல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

‘ஃப்ளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ ஐந்து ஸ்கேல்கள்: சி-யில் சங்கராபரணம், ஏ ஃப்ளாட்டில் ஹரிகாம்போதி, பி ஃப்ளாட்டில் சங்கராபரணம், டி-யில் தோடி, ஜி-யில் கரகரப்பிரியா. நான்காவதைச் சிலர் அந்தர காந்தாரம் சேர்த்து வகுளாபரணம் மாதிரி எழுதுவார்கள், ஸ்பானிய நிறம் அதில் இன்னும் தூக்கலாக வரும்.

#10 டபுள்பாஸ்

கரகரப்பிரியன் சார் சொன்ன வாசல் நல்ல வாசல்தான், ஆனால் உள்ளே போனதும் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். கமகமும் பிடியும் இல்லாத இடத்தில் ராகம் இல்லை, ஸ்வரப் பட்டியல் மட்டுமே இருக்கிறது. தவிர இங்கே சுருதி ஆதாரம் நிற்கவில்லை, பாஸ் நடந்துகொண்டே இருக்கிறது. சேம்பர்ஸ் டி டோரியனில் நடக்கும்போது வெளியிலிருந்து ஸ்வரங்களைத் தொட்டுக்கொண்டு போவார். அவற்றை அந்நிய ஸ்வரம் என்று தள்ளினால் நடையே நின்றுவிடும்.

சேர்ந்து வாசிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. ‘சோ வாட்’ 32 பார்: 8, 8, 8, 8. முதல் இரண்டு டி, மூன்றாவது ஈ ஃப்ளாட், நான்காவது திரும்ப டி. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போது கடைசி 8-உம் புதிய 16-உம் ஒட்டிக்கொள்கின்றன. ஆக மொத்தம் 24 பார் டி. கார்ட் மாற்றம் என்ற கைப்பிடியே கிடையாது. அங்கேதான் பாதிப் பேர் ஈ ஃப்ளாட்டுக்கு 8 பார் முன்னால் தாவிவிடுகிறார்கள், அல்லது பின்தங்குகிறார்கள்.

இதற்கு வழி, பார்களை 32 வரை எண்ணாமல் எட்டு எட்டாக விரல் விடுவது. நான்கு விரல் ஒரு சுற்று, மூன்றாவது விரல் ஈ ஃப்ளாட். சோலோ வாசிக்காமல் மைல்ஸின் இரண்டு சுற்றுக்கும் விரல் மட்டும் விட்டுப் பழகுங்கள். காப் ஒவ்வொரு 8-இன் வாயிலிலும் சின்னதாக ஏதாவது சொல்வார், காது அதைப் பிடிக்க ஆரம்பித்ததும் எண்ணுவது தானாகக் குறையும்.

மைல்ஸ் இரண்டு சுற்று, கோல்ட்ரேன் இரண்டு, ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. திருத்திய வேகத்தில் ஒரு சுற்றுக்கு 56 அல்லது 57 நொடி. எவன்ஸ் சுற்றில் மட்டும் பாத்திரங்கள் இடம் மாறும்: காற்று வாத்தியங்கள் பின்னாலிருந்து அந்த இரண்டு கார்டை வாசிக்க, பியானோ முன்னால் வரும்.

#11 கறுப்புக்கட்டை

அந்த இரண்டு கார்டைப் பியானோவில் எப்படிப் பிடிப்பது? டி மைனர் 7, ஈ மைனர் 7 என்று வாசித்தால் அந்த ஒலி வருவதில்லை.

#12 டபுள்பாஸ்

வராது. அடுக்கு மூன்றாம் ஸ்வரங்களால் ஆனதல்ல. கீழிருந்து மேலே ஈ, ஏ, டி, ஜி, பி. அடுத்தது ஒவ்வொரு விரலும் ஸ்கேலில் ஒரு படி இறங்கி டி, ஜி, சி, எஃப், ஏ. கீழே மூன்று சுத்த நான்காம் இடைவெளி, உச்சியில் ஒரு மேஜர் மூன்றாம் இடைவெளி. இடது கையில் கீழிரண்டு, வலது கையில் மேல் மூன்று. உச்சி ஏ, நடு சி-க்கு மேலே உள்ள ஏ-ஆக இருக்கட்டும். ஒரு ஆக்டேவ் கீழே வைத்தால் சேறாகிவிடும். வேர் ஸ்வரத்தைக் கூடுதலாகக் கீழே சேர்க்காதீர்கள், அது பாஸுக்குரிய இடம்.

முதல் கார்டை நீட்டி, இரண்டாவதை வெட்டி விடுவது இந்தப் பாட்டின் உயிர். பெடல் தொடவே வேண்டாம். ஈ ஃப்ளாட் பகுதியில் இதே கை வடிவம் முழுசாக அரை ஸ்வரம் மேலே போகும்.

காற்று வாத்தியங்களுக்கு, அவரவர் வாத்தியத்தில் எழுதும் கணக்கில்: பி ஃப்ளாட் ட்ரம்பெட்டும் டெனரும் ஈ டோரியன், நடுவில் எஃப் டோரியன். ஆல்ட்டோ பி டோரியன், நடுவில் சி டோரியன்.

#13 வலதுசெவி

எவன்ஸின் வாய்சிங்கை (கார்டின் ஸ்வரங்களை அடுக்கும் விதத்தை) காதால் எடுக்க விரும்புபவர்களுக்கு: ஸ்டீரியோ பதிப்பில் கோல்ட்ரேனும் பியானோவும் இடது பக்கம், ஆடர்லியும் ட்ரம்ஸும் வலது பக்கம், மைல்ஸும் பாஸும் நடுவில். வலது சேனலை முழுசாக அணைத்துவிட்டுக் கேட்டால் சிம்பல் மறைப்பு வெகுவாகக் குறைந்து பியானோவின் உள் ஸ்வரங்கள் தெரியும். கசிவு இருக்கும், அது ஒரே அறையில் சேர்ந்து வாசித்த பதிவு. இதற்காகவாவது பயிற்சிக்கு ஸ்டீரியோ வையுங்கள். ரசிப்பதற்கு மோனோ எல்பி எனக்கு நெருக்கம், எல்லோரும் ஒரே மேடையில் தோளோடு தோள் நிற்பார்கள்.

#14 டேப்சுருள்

அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை. 30-வது தெரு ஸ்டுடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். கூரை மிக உயரம், மரத் தரை. பொறியாளர் ஃப்ரெட் பிளாட், தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்ட். கட்டடத்தின் இயல்பான எதிரொலியோடு, அடித்தளத்தில் இருந்த ஒரு கான்கிரீட் அறைக்கு ஒலியை அனுப்பித் திரும்ப மைக்கில் பிடித்துக் கலப்பதும் அங்கே வழக்கம். மைல்ஸின் ட்ரம்பெட்டைச் சுற்றி நிற்கும் அந்தக் காற்று இப்படி வந்தது. ஹெட்ஃபோனில் இதைக் கேட்டுவிட்டு வீட்டுப் பதிவில் ரிவெர்ப் அள்ளிக் கொட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது: நேரடி ஒலி மிக அருகில், வறண்டு இருக்கிறது. எதிரொலி அதன் பின்னால் தனியாக நிற்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்குவதில்லை.

‘சோ வாட்’டின் அமைதியான முன்னுரைப் பகுதியில் ஸ்னேர் டிரம்மின் கம்பிகள் மற்ற வாத்தியங்களின் அதிர்வில் சிலிர்ப்பதை டவுன்சென்ட் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சுட்டிக்காட்டுகிறார். அதுவும் சேர்ந்ததுதான் என்று மைல்ஸ் விட்டுவிடுகிறார். 2008-ல் வந்த 50-ம் ஆண்டுப் பதிப்பில் ஸ்டுடியோ பேச்சு, தொடக்கத்தில் நின்றுபோன டேக்குகள் சில இருக்கின்றன. வாங்கிக் கேட்க வேண்டியவை.

#15 கறுப்புக்கட்டை

எல்லாமே ஒத்திகை இல்லாமல் ஒரே டேக்கில் எடுத்தது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே?

#16 டேப்சுருள்

அது பாதி உண்மை, அடிக்கடி சொல்லிச் சொல்லி முழு உண்மையாகிவிட்டது. முதல் நான்கு பாட்டுகளிலும் முதன்முதலில் கடைசிவரை போன டேக்தான் ஆல்பத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் தொடங்கி நின்றவை உண்டு: வேகம் பிடிக்கவில்லை, தொடக்கம் சேரவில்லை, சத்தம் கேட்டது என்று. ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ வேறு கதை. முதல் டேக்கே முழுசாக முடிந்தது, அதுதான் 1997 சிடியில் மாற்று டேக்காக வந்தது. ஆல்பத்தில் இருப்பது ஆறாவது டேக்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பதைவிட நல்ல பாடம் இந்த ஆல்பத்தில் கிடையாது. மெட்டு என்று எழுதி வைத்தது எதுவும் இல்லை. ஐந்து ஸ்கேல், ஒவ்வொன்றிலும் சோலோ வாசிப்பவர் விரும்பும்வரை தங்கலாம், தயாரானதும் அடுத்ததற்கு நகரலாம். நடைமுறையில் 4 பார் அல்லது 8 பார் தங்குகிறார்கள். ஒருவர் நகரும்போது பியானோவும் பாஸும் அந்தக் கணமே உடன் நகர வேண்டும். நான்காவது ஸ்கேலை வைத்துக் கேளுங்கள். அங்கே ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், கிளம்பப்போவதை எந்த ஸ்வரத்தில் அறிவிக்கிறார்கள் என்று இரண்டு டேக்கிலும் குறித்துக்கொண்டே போனால் பாட்டின் எலும்பு தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் எவன்ஸ் ஊசலாட்டும் அந்த இரண்டு கார்டு அவரே 1958 டிசம்பரில் தனியாக வாசித்த ‘பீஸ் பீஸ்’ என்ற பதிவிலிருந்து வந்தது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

#17 வலதுசெவி

பழைய எல்பி தேடுபவர்களுக்கு இதையொட்டி ஒரு எச்சரிக்கை. ஆரம்பகாலப் பிரதிகளில் இரண்டாம் பக்கத்தின் இரண்டு தலைப்புகள் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. லேபிளில் ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ முதலில் இருக்கும், ஊசி வைத்தால் ‘ஆல் ப்ளூஸ்’ வரும். பின்னட்டையில் எவன்ஸ் எழுதிய குறிப்பிலும் அந்தக் குழப்பம் புகுந்து, 6/8 ப்ளூஸ் என்ற விளக்கம் ‘ஃப்ளமென்கோ’ மீதும், ஐந்து ஸ்கேல் விளக்கம் ‘ஆல் ப்ளூஸ்’ மீதும் ஒட்டிக்கொண்டது. ஆடர்லியின் பெயரில் எழுத்துப் பிழையும் உண்டு. தட்டு எண்: மோனோ சிஎல் 1355, ஸ்டீரியோ சிஎஸ் 8163. லேபிளில் இரு பக்கமும் மும்மூன்று கண் சின்னம் இருந்தால் முதல் சில ஆண்டுகளின் அச்சு. அதில் முதல் பக்கம் கட்டாயம் வேகமாகத்தான் ஓடும், விற்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

#18 பன்னிரண்டு பார்

‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பற்றி யாரும் பேசவில்லை. எளிய 12 பார் பி ஃப்ளாட் ப்ளூஸ் என்று எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். 11, 12-ஆம் பார்களில் வழக்கமாக வீட்டுக்கு, பி ஃப்ளாட்டுக்கு, வந்து சேர வேண்டும். இங்கே ஏ ஃப்ளாட் 7-க்குப் போய் நிற்கிறது. அடுத்த சுற்றின் முதல் பாரில்தான் வீடு. இது தெரியாமல் பழக்கத்தில் பி ஃப்ளாட்டில் முடிப்பவர்களின் சோலோ ஒவ்வொரு 12 பாருக்கும் ஒருமுறை பாஸோடு மோதும்.

இந்த ஒரு பாட்டில் மட்டும் பியானோ விண்டன் கெல்லி. அப்போது குழுவின் நிரந்தரப் பியானோக்காரர் அவர்தான், எவன்ஸ் 1958 இறுதியிலேயே விலகியிருந்தார், இந்தப் பதிவுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார். கெல்லியின் பாட்டு முதலில் பதிவானது, முதல் சோலோவும் அவருக்கே. வலது கையில் அந்தக் குதிப்பைக் கேட்டுவிட்டு அடுத்த பாட்டில் எவன்ஸின் தொடுகைக்கு வாருங்கள். இந்த நேரான ப்ளூஸுக்குக் கெல்லி, மற்றவற்றுக்கு எவன்ஸ் என்று பிரித்தது இந்த ஆல்பத்தின் மிக நல்ல முடிவுகளில் ஒன்று.

#19 டபுள்பாஸ்

வழிமொழிகிறேன். அதே மாதிரி ‘ஆல் ப்ளூஸ்’. ஜி-யில் 6/8 ப்ளூஸ். ஐந்தாவது பாரில் எல்லோரும் சி 7 என்று பாஸைச் சி-க்குத் தூக்குகிறார்கள். பதிவில் பாஸ் ஜி-யிலேயே அதே உருட்டலை வாசிக்கிறது, மேலே பி மட்டும் பி ஃப்ளாட் ஆகிறது. ஒரே ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்குவதில் அந்தப் பாட்டின் நிறம் மொத்தமும் மாறுகிறது. பாஸை நகர்த்தினால் அந்த நுட்பம் செத்துப்போகும். 9-ஆம் பாரில் டி 7, 10-ல் ஈ ஃப்ளாட் 7-க்கு ஏறி அதே பாரில் டி-க்குத் திரும்புகிறது, இரண்டிலும் கூர்த்த ஒன்பதாம் ஸ்வரம் சேர்த்து.

சோலோக்களுக்கு நடுவே 4 பார் இடைவெளி உண்டு. சேர்ந்து வாசிப்பவர்கள் 12 முடிந்ததும் நேராக அடுத்த 12-க்குள் குதித்துவிடுகிறார்கள். அந்த 4 பாரை மறக்காதீர்கள்.

#20 கறுப்புக்கட்டை

‘ப்ளூ இன் கிரீன்’ சுற்று எத்தனை பார்? எட்டா பன்னிரண்டா என்று எண்ணியும் பிடிபடவில்லை.

#21 பன்னிரண்டு பார்

பத்து. அதனால்தான் பிடிபடவில்லை, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் பழகிய காது முடிவை எதிர்பார்க்கும் இடத்தில் முடிவு வராது. சுற்றின் கடைசி கார்ட் முதல் கார்டுக்குள் கரைகிறது, தையல் தெரியாது. போதாததற்கு எவன்ஸும் கோல்ட்ரேனும் வாசிக்கும்போது கார்டுகள் இரட்டை வேகத்தில் கடக்கின்றன, பத்து பார் சுற்று பழைய அடிக்கணக்கில் ஐந்தில் முடிந்துவிடும். மைல்ஸ் வாசிக்கும் சுற்றுகளில் மட்டும் முதலில் எண்ணிப் பழகுங்கள். ஆடர்லி இதில் வாசிக்கவில்லை.

உரிமை மைல்ஸ் பெயரில் இருந்தாலும் இது தன்னுடையது என்று எவன்ஸ் சொல்லிவந்தார். அதே 1959 டிசம்பரில் அவருடைய ட்ரையோ பதிவு செய்தபோது இருவர் பெயரும் இருந்தது. அந்தக் கார்டுகள் நகரும் விதத்தைக் கேட்டால் எவன்ஸ் பக்கம்தான் என் சாய்வு.

#22 மூன்று வால்வு

அந்தப் பாட்டின் மியூட் பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள், இங்கேயே எழுதுகிறேன். அது ஹார்மன் மியூட் (ட்ரம்பெட்டின் வாயில் செருகும் உலோக அடைப்பான்), நடுவில் இருக்கும் தண்டை உருவி எடுத்தது. தண்டோடு வாசித்தால் கார்ட்டூன் அழுகைதான் வரும். ‘ப்ளூ இன் கிரீன்’, ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ இரண்டிலும், ‘ஆல் ப்ளூஸ்’ மெட்டிலும் அதுவே. ‘ஆல் ப்ளூஸ்’ சோலோவுக்கு மியூட்டைக் கழற்றிவிடுகிறார்.

இந்த மியூட்டில் கார்க் வளையம் சுற்றிலும் முழுசாக இருக்கும், காற்று முழுவதும் மியூட்டுக்குள் போய்த்தான் வெளியேற வேண்டும். கார்க் தேய்ந்தோ விரிசல் விட்டோ ஓரத்தில் காற்று கசிந்தால் அந்த உலோகச் சீறல் போய்ச் சாதாரண அடைத்த ஒலி மிஞ்சும். பொருத்துமுன் கார்க்கில் வாயால் ஈர ஆவி ஊதி, ட்ரம்பெட்டின் மணி வாய்க்குள் வைத்து லேசாகத் திருகுங்கள், பாட்டு நடுவில் கீழே விழாது.

சுருதி ஏறும். ட்யூனிங் ஸ்லைடைச் சில மில்லிமீட்டர் வெளியே இழுத்து ட்யூனரில் பாருங்கள், மியூட்டை எடுத்ததும் பழைய இடத்துக்குத் தள்ளுங்கள். ‘ஆல் ப்ளூஸ்’ வாசிப்பவர்களுக்கு அந்த 4 பார் இடைவெளியில் மியூட்டைக் கழற்றுவது, ஸ்லைடைத் தள்ளுவது இரண்டும் முடிய வேண்டும், ஸ்லைடில் கிரீஸ் இறுகியிருந்தால் நடக்காது.

மைக்குக்கு மிக அருகில், மியூட்டின் வாய் கிட்டத்தட்ட மைக்கைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள். ஓசை கூட்ட ஊதாதீர்கள். அழுத்தி ஊதினால் மியூட் கிழிந்த தகரம் மாதிரி இரையும். மெதுவாக ஊதி, பெருக்குவதை மைக்கிடம் விடுங்கள். கீழ் ஸ்வரங்கள் இந்த மியூட்டில் மெலியும், அவற்றுக்கு மட்டும் மைக்கை இன்னும் ஒரு விரல் நெருங்கலாம்.

#23 கறுப்புக்கட்டை

ரிப்பின் இரண்டாம் பக்கத்தை அளந்ததில் 8 சென்ட் ஏறியிருந்தது, அதை முழுக் கோப்புக்கும் இறக்கிவிட்டு முதல் பக்கத்துக்குக் கழித்தல் 2.7 கொடுத்தேன். இரண்டாவது கார்டின் ஏ ட்யூனரில் பச்சைக்கு வந்துவிட்டது. சிம்பல் 1:31-ல் விழுகிறது. 1997 சிடியும் ஆர்டர் போட்டாகிவிட்டது.

#24 ஊசிமுனை

நன்று. சிடி வந்ததும் ‘ப்ளூ இன் கிரீன்’ நீளத்தை உங்கள் திருத்திய கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்குள் வந்தால் 2.7 சரி, இரண்டு நொடிக்கு மேல் விலகினால் முதலில் ஃபேடின் வாலைச் சந்தேகியுங்கள், அதன்பின் சதவீதத்தை.